ஆவியக்கா கட்டிய வரி

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. மற்றபடி தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவள் ஆவியக்கா.

பேய் பிசாசு சமாசாரம் எதுவும் இல்லை. பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் மேஜைத் துணிகளும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் ஒரு சலவைக்கூடத்தில் அவள் நீராவி இஸ்திரி போடுகிறவள். மிதிகட்டையை அழுத்தினால் போதும், புஸ்ஸென்று வெண்புகை கிளம்பி ஆளையே மறைத்துவிடும். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்: "யாரு இந்த மூட்டையக் குறுக்கால போட்டது?" வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருத்தி இதைக் கேட்டு மிரண்டு, "ஐயோ, ஆவி பேசுது!" என்று கத்திவிட்டாள். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வேலைக்குப் போனபோது கூடத்தின் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. முதலாளியின் போன் அணைந்து கிடந்தது. கணக்கர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெண்கள் கொஞ்ச நேரம் பூட்டைப் பார்த்தார்கள், கொஞ்ச நேரம் திட்டினார்கள், பிறகு அவரவர் வழியில் கலைந்தார்கள். கைத்தொழில் தெரிந்தவளுக்கு எங்கேயும் வேலை உண்டு என்பார்கள். ஆவியக்காவுக்கும் ஒரு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் சீக்கிரமே இடம் கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் ஜன்னல் இருந்தது. பழைய கூடத்தை மறந்தேவிட்டாள்.

பழைய கூடம்தான் அவளை மறக்கவில்லை. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் பருவம் வந்தது. வழக்கமாகக் கம்பெனி கொடுக்கும் சம்பளச் சான்றிதழைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நீட்டுவாள். கடைக்காரர் அதிலிருப்பதைப் பார்த்துக் கணினியில் தட்டி அனுப்பிவிடுவார். இந்த முறை நீட்ட எதுவும் இல்லை. அதற்குள் வரி அலுவலகத்திலிருந்தே நோட்டீஸ் வந்துவிட்டது: போன வருஷம் வாங்கிய சம்பளத்துக்கு வரி கட்டவில்லை, அபராதத்தோடு சேர்த்துக் கட்டவும்.

ஆவியக்கா அதை இரண்டு முறை படித்தாள். மாதாமாதம் சம்பளத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே வரியைப் பிடித்துக்கொண்டுதானே கொடுத்தார்கள்?

"பிடிச்சாங்க சரி, கட்டினாங்களா?" என்றார் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்தே எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர். "விடும்மா. சர்க்காரோட மல்லுக்கட்ட நமக்குத் தெம்பு இருக்கா? கட்டித் தலைமுழுகிடலாம்."

"வெளுத்த துணிய மறுபடி வெளுக்கச் சொன்னா, அழுக்கு எங்க இருக்குன்னு காட்டச் சொல்லிட்டுத்தாங்க வெளுப்பேன்."

"இது துணி இல்லம்மா."

"என் வேர்வைதானே?"

அவர் நோட்டீஸை மடித்து அவள் பக்கம் தள்ளினார்.

வாராந்திர விடுமுறையில் வரி அலுவலகத்துக்குப் போனாள். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சிவப்பு எண்கள் மாறும் பலகை, ஏசிக் குளிர். அவள் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த அதிகாரியம்மா குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கணினித் திரையை இவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இங்க பாருங்க. வருஷத்தோட முதல் பாதியில பேங்க் மூலமா உங்களுக்குச் சம்பளம் வந்திருக்கு. ஆனா கம்பெனி எங்களுக்கு எந்தக் கணக்கும் தரல. பிடிச்ச வரின்னு ஒண்ணும் வரல. அடுத்த பாதியில நீங்க அங்க வேலை பார்த்ததுக்கே பதிவு இல்ல."

"வேலை பாக்கலையா? அப்ப அந்த விரிப்பெல்லாம் தானாப் போய் இஸ்திரி போட்டுக்கிச்சுங்களா மேடம்? கடைசி ஆறு மாசம் கவர்ல போட்டு ரொக்கமாக் குடுத்தாங்க."

அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் நம்புறேம்மா. இந்தக் கம்ப்யூட்டர் நம்பணுமே." பிறகு நிதானமாகச் சொன்னார். "சான்றிதழ் கிடைக்கலைன்னா அதுக்குப் பதிலா நீங்களே ஒரு வாக்குமூலம் எழுதித் தாக்கல் பண்ணலாம். சட்டத்துல இடம் இருக்கு. ஆனா வெறுங்கையோட வரக் கூடாது. முதலாளிகிட்ட கேட்டும் அவர் தரலைங்கறதுக்கு ஒரு ஆதாரம் வேணும். சம்பளத்துல வரி பிடிச்சாங்கங்கறதுக்கு ஒரு ஆதாரம் வேணும்."

"எல்லா மாசத்துக்குமா?"

"கிடைச்ச மாசத்தை வச்சுக் கிடைக்காத மாசத்தைக் கணக்குப் போடலாம். எப்படிப் போட்டீங்கன்னு தெளிவா எழுதணும். அவ்வளவுதான்."

பஸ்ஸில் திரும்பும்போது ஆவியக்கா அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். கேட்டதுக்கு ஒண்ணு, பிடிச்சதுக்கு ஒண்ணு. பக்கத்து சீட்டுப் பெண் இவள் மந்திரம் சொல்கிறாளோ என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

முதலாளியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. குளியலறைக் குழாய்களும் தரை ஓடுகளும் விற்கும் புதுக் கடை ஒன்றில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். பெயர்ப் பலகையில் அவர் மச்சான் பெயர். ஆவியக்கா உள்ளே போனாள். பழக்க தோஷம், கை தானாகக் குவிந்தது.

"வாம்மா. எப்படி இருக்க?" என்றார் முதலாளி, கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல்.

"இருக்கேன் முதலாளி. போன வருஷத்துச் சம்பளச் சான்றிதழ் வேணும். வரி ஆபீஸ்ல கேக்கறாங்க."

"கம்பெனியே போயிடுச்சு. இல்லாத கம்பெனி எப்படிம்மா சான்றிதழ் தரும்?"

"கம்பெனி போயிடுச்சு. எங்ககிட்ட பிடிச்ச வரியும் கூடவே போயிடுச்சா?"

முதலாளி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் கணக்கர் பார்த்தது. எனக்கு என்ன தெரியும்? நானே இங்க மச்சான் கடையில சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"சும்மா உட்கார்றவங்களுக்கு நாற்காலி இவ்வளவு நல்லா சுத்துதே முதலாளி," என்றாள் ஆவியக்கா. "சரி, 'என்னால சான்றிதழ் தர முடியாது'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திடுங்க. நான் போயிடறேன்."

"எழுதறதா? உனக்கு எவ்வளவு தைரியம்! சோறு போட்ட கையைக் கடிக்கறியா?" அவர் எழுந்துவிட்டார். கடைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வெளிய போம்மா முதல்ல."

வெளியே வந்து தெருமுனை வரை விறுவிறுவென்று நடந்தாள். பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஆள் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் எழுந்து நின்றவள் அவள். அவர் பேசியதைவிட, தான் கை குவித்ததுதான் அவளை அதிகம் சுட்டது. ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு அடங்கும் வரை நின்றாள். 'சோறு போட்ட கையா? யார் சோற்றை யார் தின்றது?' என்று மனசுக்குள் கேட்டாள். இப்போது தோன்றிய பதில் கடைக்குள்ளேயே தோன்றியிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

நேரில் தராதவர் தபாலில் தருவாரா என்று கணவர் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அவள் சான்றிதழ் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினாள். சில நாளில் தபால்காரர் கதவைத் தட்டினார். போன கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்திருந்தது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றார் கணவர். "கல்லுல நார் உரிக்கப் பாக்கற."

ஆவியக்காவுக்கு அழுகை முட்டியது. கடிதத்தைச் சமையல் மேடையில் வீசிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள். திடீரென்று குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உறையைத் திரும்ப எடுத்தாள். முகவரிக்குக் குறுக்கே தபால் அலுவலக முத்திரை. அதன் மேல் தபால்காரர் கையெழுத்தில் தேதியோடு இரண்டே சொற்கள்: பெற மறுத்தார்.

"என்னங்க," என்று கத்தினாள். "இதைப் படிங்க."

"பெற மறுத்தார். அதான் திரும்பி வந்திருக்கு."

"யாரு மறுத்தாரு?"

"முதலாளி."

"எதை மறுத்தாரு? நான் சான்றிதழ் கேட்டதை. நான் கேட்டேன், அவர் தரல. இதைத்தானே அந்த மேடம் கேட்டாங்க? கடையில ஒரு வரி எழுத மாட்டேன்னாரு. இப்ப சர்க்கார் முத்திரையோட எழுதிக் குடுத்திருக்காரு!"

கணவர் உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடிப்பாவி," என்றார் மெல்ல. அது வசவு இல்லை. அவருக்கு வாயில் வரக்கூடிய மிகப் பெரிய பாராட்டு அது. "வாங்கி வச்சிருந்தாக்கூடத் தப்பிச்சிருப்பான் மனுஷன்."

அன்றைக்கு அவரும் கட்சி மாறினார். மாறினவர் செய்த முதல் உதவி, அவரே எதிர்பார்க்காதது. வீட்டு ஜன்னல் கொண்டி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை முடுக்குவதற்காகத் தன் கருவிப் பெட்டியைத் திறந்து, ஒரு பழுப்புக் கவரிலிருந்து திருகாணிகளை உள்ளங்கையில் கொட்டினார். ஆவியக்கா அந்தக் கவரைப் பார்த்தாள். அதன் முதுகில் கணக்கரின் சாய்ந்த எழுத்து: மொத்தச் சம்பளம், பிடித்த வரி, கையில் கொடுத்தது. கீழே அவருடைய சுருக்கக் கையெழுத்து.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"நீதான் காசை எடுத்துட்டுக் கவரைக் குப்பையில போடப் போன. நல்ல கெட்டிக் கவரா இருக்கேன்னு எடுத்து வச்சேன்."

"எத்தனை எடுத்து வச்சீங்க?"

அவர் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். திருகாணிகளும் நட்டுகளும் தரையெல்லாம் உருண்டன. மொத்தம் இரண்டு கவர்கள் தேறின. மற்ற மாதக் கவர்களை எலி கொண்டுபோனதோ குப்பை வண்டி கொண்டுபோனதோ.

இரண்டு போதாது என்று ஆவியக்காவுக்குத் தெரியும். யாரிடம் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்பதும் தெரியும். அதுதான் பிரச்சினையே. சலவைக்கூடத்தில் மடிப்புப் பிரிவில் இருந்த அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா, ஒரு குண்டூசியைக்கூட வீசாத ஆள். ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று வெகுநாள் ஆகியிருந்தது. இஸ்திரிப் பிரிவுக்குத் தலைவி வேண்டும் என்று வந்தபோது, சீனியரான நாத்தனாரை விட்டுவிட்டுத் தம்பி பெண்டாட்டியைப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து, ஒரே கூடத்தில் வேலை பார்த்தும் முகம் பார்ப்பதில்லை; நடுவில் துணி மலை இருந்தது வசதியாகப் போயிற்று.

"நான் வேணா போய்க் கேக்கட்டுமா?" என்றார் கணவர்.

"வேணாம். எனக்கு வேணுங்கறதை நான்தான் கேக்கணும்."

நாத்தனார் வீடு நாலாவது மாடியில். ஆவியக்கா மூச்சு வாங்க ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. நாத்தனார் அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல அண்ணி. உள்ள வரலாமா?"

"வந்தவள வாசல்லயே நிக்க வைக்கற வழக்கம் எங்க வீட்ல இல்ல."

உள்ளே மேஜை மேல் அதே வரி அலுவலக நோட்டீஸ் கிடந்தது. ஆவியக்கா அதைப் பார்த்தாள். நாத்தனார் அதைச் சட்டென்று எடுத்து மடித்தாள்.

"உங்களுக்கும் வந்திருக்கா அண்ணி?"

"எல்லாருக்கும்தான் வந்திருக்கும். நாளைக்குக் கட்டிடலாம்னு இருக்கேன். வளையலை வச்சாச்சு."

"ஐயோ, கட்டிடாதீங்க!" ஆவியக்கா நாத்தனாரின் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த கையை விடாமலே எல்லாவற்றையும் கொட்டினாள்: அதிகாரியம்மா சொன்னது, சுழல் நாற்காலி, திரும்பி வந்த தபால், திருகாணிக் கவர். முதலாளி உறையை வாங்க மறுத்த இடம் வந்தபோது நாத்தனாருக்கு உதடு துடித்தது. திருகாணிகள் தரையில் உருண்ட இடத்தில் சிரித்தே விட்டாள்.

"என் தம்பி சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். குப்பையில போறதெல்லாம் அவனுக்குப் பொக்கிஷம்," என்றபடி எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். அதற்குள் ஆறு மாதத்துப் பழுப்புக் கவர்களும் வரிசை மாறாமல், முனை மடங்காமல், இஸ்திரி போட்ட மாதிரி இருந்தன.

ஆவியக்காவுக்குக் கண் நிறைந்தது. "அண்ணி, இஸ்திரிக்கு உங்களைத்தான் போட்டிருக்கணும்."

நாத்தனார் கவர்களின் முனைகளை மறுபடி தட்டிச் சரிசெய்தாள்.

"இதை அன்னிக்குச் சொல்லியிருந்தா இத்தனை நாள் போயிருக்காது," என்றாள் நாத்தனார். "உக்காரு. டீ போடறேன்."

டீ முடிவதற்குள் இருவரும் பழைய தோழிகளை நினைவிலிருந்து ஒவ்வொருத்தியாக எடுத்துப் போன் போட ஆரம்பித்தார்கள். ஒருத்தி ஏற்கெனவே பயந்து பாதியைக் கட்டியிருந்தாள். ஒருத்தி நோட்டீஸைப் பிரிக்காமலே சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தாள். ஒருத்தி சம்பளக் கவரில் பிள்ளைகளுக்கு எடுத்த பல் எக்ஸ்ரேயை வைத்திருந்தாள். தேடச் சொன்னால் எல்லா வீட்டிலும் ஏதாவது ஒன்று கிடைத்தது. அடுத்த விடுமுறை நாளில் நாத்தனார் வீட்டுத் தரையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, கவர்களையும் பேங்க் புத்தகங்களையும் பரப்பி, கிடைத்த மாதங்களை வைத்துக் கிடைக்காத மாதங்களைக் கணக்குப் போட்டார்கள்.

"ஓவர்டைமைக் கொஞ்சம் கூட்டிப் போட்டா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் எக்ஸ்ரேக்காரி.

நாத்தனார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஒரு கறுப்பு சாக்ஸ் வெள்ளைத் துணியோட போனா என்ன ஆகும்னு தெரியும்ல? மொத்த லோடும் போச்சு."

அதற்குப் பிறகு யாரும் கூட்டிப் போடச் சொல்லவில்லை.

அவர்கள் ஒரே காலையில் வரி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது வாட்ச்மேன் எழுந்துவிட்டார். "என்னம்மா இது, போராட்டமா?"

"இல்லண்ணே," என்றாள் ஆவியக்கா. "வரி கட்டினவங்க வந்திருக்கோம்."

சால்வை போர்த்திய அதிகாரியம்மா கவுண்டரை விட்டு வெளியே வந்து, எல்லோரையும் ஒரு நீள மேஜை இருந்த அறைக்கு அழைத்துப் போனார். ஒவ்வொருத்தியும் தன் வாக்குமூலத்தையும் கவர்களையும் வைத்தாள். 'பெற மறுத்தார்' உறைகள் தனி அடுக்காகச் சேர்ந்தன. ஏனென்றால் ஆவியக்கா சொல்லி எல்லோருமே பதிவுத் தபால் அனுப்பியிருந்தார்கள், முதலாளியும் ஒன்று விடாமல் மறுத்திருந்தார். அதிகாரியம்மா கவர்களை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே விகிதத்தில் பிடித்தம்.

"ஒருத்தர் சொன்னா முறையீடு. இத்தனை பேர் சொன்னா சாட்சி," என்றார். "இதுக்கு மேல நான் பாத்துக்கறேன். தைரியமாப் போங்க."

சில வாரங்கள் போயின. ஆவியக்கா வெளியில் தைரியமாகத்தான் இருந்தாள். ஆனால் போன் சிணுங்கினால் போதும், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். ஒரு பிற்பகலில், ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு நடுவில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. அவளுடைய கணக்கு ஏற்கப்பட்டது. பிடித்த வரி முழுவதும் அவள் கட்டியதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. அபராதம் இல்லை. அதிகமாகப் பிடித்திருந்ததால், அவர்களே அவளுக்குத் திருப்பித் தருகிறார்கள். கம்பெனி கட்டாமல் வைத்திருந்ததை முதலாளியிடமே வசூலிக்க உத்தரவு.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி..."

"எனக்கும் வந்துடுச்சுடி!" மறுமுனையில் அப்படி ஒரு கத்தல். பின்னால் பஸ் சத்தம் கேட்டது. நாத்தனார் பஸ்ஸில் இருந்தாள். "கண்டக்டர் என்னைப் பைத்தியம்னு நினைக்கறாரு, நினைச்சுட்டுப் போகட்டும்! முதல்ல வளையலை மீட்கணும்!"

மாலைக்குள் எல்லோருக்கும் வந்துவிட்டது. பாதி கட்டியவளுக்குக் கட்டியதும் திரும்பி வந்தது. எக்ஸ்ரேக்காரி போனில் பேச முடியாமல் விசில் மட்டும் அடித்தாள். ஆவியக்காவின் கணவர் தான் பழுது பார்க்கும் கட்டடங்களில் எல்லாம், லிஃப்ட் ஏறி இறங்குகிறவர்கள் தப்பிக்க முடியாதபடி கதவை மூடிவைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னார். அவர் சொன்னதில், கட்டித் தலைமுழுகச் சொன்ன ஆள் யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர்.

உத்தரவின் அச்சுப் பிரதியை வாங்கிக்கொள்ள ஆவியக்காவும் நாத்தனாரும் சேர்ந்து வரி அலுவலகம் போனார்கள். அதிகாரியம்மாவிடம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பிளாஸ்டிக் நாற்காலி வரிசையின் கடைசியில் முதலாளி உட்கார்ந்திருந்தார். மடியில் கோப்புகள், கையில் கசங்கிய டோக்கன். நாற்காலி சுழலாத வகை. அவர் இவர்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். இடமில்லை, அந்தப் பக்கம் சுவர்.

ஆவியக்கா அவர் முன்னால் போய் நின்றாள். இந்த முறை கை குவியவில்லை. வைய வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது மனசு.

"ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களா முதலாளி?"

அவர் டோக்கனைப் பார்த்தார். "ம்... காலையிலேருந்து."

"இங்க ஏசி அதிகம். அடுத்த தடவை வரும்போது சால்வை எடுத்துட்டு வாங்க," என்றாள் ஆவியக்கா. "நிறையத் தடவை வர வேண்டியிருக்கும்."

நாத்தனார் அவள் தோளில் இடித்தாள். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கியபடி வாசல் வரை வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் அடக்க முடியவில்லை. வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கும்படி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, நட்ட நடு வெயிலில் நின்று சிரித்தார்கள்.